வடசென்னைக்கு வந்த கூலிப்படை

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து, பஞ்சில் பொதிந்திருந்த ஆறு பூதங்களையும் எடுத்து மேசைமேல் வரிசையாக நிறுத்தினார். ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரம். "இது என்ன சாமி?" என்று கேட்டார். சாமி இல்லை, கூலிப்படை என்றேன். அவர் என்னையும் பூதங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு துப்பாக்கி ஏந்திய குள்ளர்களையும் ஈட்டிக்காரர்கள் இருபது பேரையும் பார்த்துவிட்டு, பெட்டியை மூடிக்கொள்ளச் சொன்னார். விளக்கம் கேட்காத அதிகாரியை அன்றுதான் முதன்முறையாகச் சந்தித்தேன்.

விளக்கத்தை வாசகர்களுக்காவது சொல்லிவிடுகிறேன். பினாங்கில் நான் ஒரு தமிழ் நாளிதழில் செய்தி திருத்துகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் மேசைமேல் போர் நடத்துகிறவன். ஆளுக்கொரு சேனை, அத்தனையும் சிறு பொம்மைகள். பூதம், குள்ளர், மந்திரவாதி என்று கற்பனை உலகத்து ஆட்கள். அளவுநாடாவால் தூரம் அளந்து நகர்த்துவோம், பகடை உருட்டி வெட்டிக்கொள்வோம். சேனையில் ஆள் குறைந்தால் வேறொரு ஊர்க் கிளப்பிடமிருந்து ஒரு பிரிவை வாடகைக்கு எடுக்கலாம். அதற்குப் பெயர் கூலிப்படை.

ராயபுரத்தில் இப்படி ஒரு கிளப் இருப்பது இணையத்தில் ஆட்டக்காரர்கள் கூடும் ஒரு பக்கத்தின் வழியாகத் தெரிந்தது. கஸ்தூரி என்பவர் பிரவுசிங் சென்டரிலிருந்து எழுதியிருந்தார். அவர்களுடைய சேனை கடையில் வாங்கியது அல்ல. மீன்வலையில் கட்டும் ஈயக் குண்டுகளை உருக்கி அவர்களே வார்த்தது. நகரின் தெற்கே உள்ள பெரிய கிளப், இனி போட்டிகளில் கடையில் வாங்கிய பொம்மைகளுக்கு மட்டுமே இடம் என்று விதி போடப் போகிறது. கஸ்தூரி அந்தக் கிளப்பின் கமிட்டி முன்னால் போய் நின்று ஒரு பந்தயம் பேசியிருக்கிறார். 'எங்க ஏரியாவுல வந்து எங்களோட ஒரு ஆட்டம் ஆடுங்க. நாங்க ஜெயிச்சா ஈயம் செல்லும். தோத்தா உங்க விதி.' கமிட்டி ஒத்துக்கொண்டது. ராயபுரத்துச் சேனையில் கால்பங்கு ஆள் குறைவு. உங்கள் கூலிப்படை வருமா என்று கேட்டிருந்தார். விடுப்பு எடுத்துக்கொண்டேன்.

ராயபுரம் போகிறேன் என்றதும் மைலாப்பூர் உறவினர் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொன்னார். டாக்சி ஓட்டுநர் பாரிமுனையோடு நிறுத்திவிடுகிறேன் என்றார். நாற்றம், ரௌடிகள், பாஷை என்று ஆளுக்கொரு காரணம். கடைசியாக எப்போது போனீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். ஒருவரும் போனதில்லை. கைக்கடிகாரத்தோடுதான் போனேன்.

கஸ்தூரி பீச் ஸ்டேஷன் வாசலில் காத்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கப்பல் சரக்கு விடுவிக்கும் ஏஜென்சி ஒன்றில் வேலை. வீடு வியாசர்பாடி குடியிருப்பில். என் பெட்டியை வாங்கி எடை பார்ப்பதுபோல் ஒருமுறை தூக்கிவிட்டு, "மொதல்ல துன்னுடலாம் சார். அப்பால பேசுவோம்" என்றார்.

பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் நடத்தும் தள்ளுவண்டி ஒன்றில் அத்தோ சாப்பிட்டோம். மஞ்சள் நூடுல்சைக் கையாலேயே பிசைந்து, முட்டைக்கோசும் வறுத்த வெங்காயமும் புளித்தண்ணீரும் சேர்த்து, மேலே ஒரு மொறுமொறு தட்டையை நொறுக்கிப் போடுகிறார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். பினாங்கில் மீ கோரெங் தின்று வளர்ந்த எனக்கு நூடுல்சில் புதிதாகத் தெரிந்துகொள்ள ஏதுமில்லை என்று நினைத்திருந்தேன். இரண்டாவது தட்டும் கேட்டேன்.

"மூணு படை கொண்டாந்துகீறேன்னு எழுதினீங்க. எங்களுக்கு ஒண்ணுதான் எடுக்க முடியும்" என்றார் கஸ்தூரி.

பூதங்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். மேசையின் நடுவில் ஒரு கோட்டை இருக்கும். கடைசியில் அது யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கே வெற்றி. கதவை உடைக்கப் பூதத்தைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"நான் யோசிக்கல சார். ஆனா கேக்கணும். இன்னும் மூணு பேரு கீறாங்க."

மறுநாள் காலை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் அந்த மூவரில் முதல்வரைச் சந்தித்தேன். டில்லிபாபு விசைப்படகு ஓட்டுகிறவர். ஏலம் முடிந்து தரையெல்லாம் பனிக்கட்டித் தண்ணீர். மீன்கூடை ஒன்றைக் கவிழ்த்து எனக்கு இருக்கையாகப் போட்டார். இன்னொரு கூடைமேல் என் மூன்று படைகளும் அணிவகுத்தன. சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. கூட்டத்தில் ஒருவர் பூதத்தைக் காட்டி, "டில்லி, இவன் உன் மச்சான் மாதிரியே கீறான்டா" என்றார். டில்லி தலையை நிமிர்த்தாமல், "மச்சான் இன்னும் கொஞ்சம் கறுப்பு" என்றார்.

மூன்றில் எதற்கும் அவர் மறுப்புச் சொல்லவில்லை. அப்படியானால் முடிவாகிவிட்டதே என்றேன்.

"இல்ல நைனா. போட்டுல புது ஆள ஏத்தறதுன்னா அதுல போற எல்லாரையும் கேக்கணும். ஒருத்தன் வேணாம்னாலும் வேணாம். ஏன்னு கேக்கக்கூடாது."

"ஏன் கேட்கக் கூடாது?"

"பாரு, அதையே கேக்கற."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு அவரே சொன்னார். "கேட்டா அவன் ஒரு காரணம் சொல்லுவான். இவன் அதுக்கு ஒரு பதில் சொல்லுவான். கரையில ஆரம்பிச்ச பேஜாரு கடலுக்கும் கூடவே வரும். வாரக்கணக்கா ஒரே போட்டுல தூங்கணும். ஒரு ஆளுதானே, வேற ஆளப் பாத்துக்கலாம்."

இது பொம்மை, படகு அல்ல என்றேன். கூலிக்கு ஆள் எடுக்க எங்களுக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான் என்றார் கஸ்தூரி. ஆக, என் கூலிப்படையைப் பெட்டியில் தூக்கிக்கொண்டு வடசென்னை முழுக்கச் சம்மதம் வாங்கப் புறப்பட்டோம்.

மூவரில் இரண்டாமவரான கஜேந்திரன் சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் கிரேன் இயக்குகிறார். எல்லாருக்கும் அவர் கஜா. தகடுகள் அடுக்கடுக்காக வெயிலில் கிடக்கின்றன. தொட்டால் கை சுடும். லாரி நிழலில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தார். எனக்கும் ஓர் இலையில் சோறும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் வைத்தார். பூதங்களைப் பார்த்தார். ஒன்றை எடுத்துத் திருப்பி அடிப்பாகத்தையும் பார்த்தார்.

"வேணாம்" என்றார்.

இருபது ஆண்டுகளாகச் செய்தியாளர்களை 'ஏன் என்று கேட்டாயா?' என்று விரட்டியவன் நான். கேள்வி தொண்டை வரை வந்தது. கஸ்தூரி என்னைப் பார்த்தார். இருந்தும் கேட்டேன்.

"சாப்புடு சார், ஆறிடும்" என்றார் கஜா.

அவ்வளவுதான். ஒரு கோட்டைக் கதவை உடைக்கும் வாய்ப்பு ஒற்றைச் சொல்லில் போய்விட்டது. திரும்பும் வழியில் கஸ்தூரியிடம் எரிச்சலை மறைக்காமல் பேசினேன். அவருடைய கிளப்பின் வாழ்வே இந்த ஆட்டத்தில் இருக்கிறது. காரணமே சொல்லாத ஒருவருக்காக நல்ல படையை விடுவதா?

"எனக்கும் வவுறு எரியுதுதான்" என்றார் அவர். "ஆனா அவன் வேணாம்னுட்டான்."

மூவரில் கடைசி ஆள் எண்ணூரில். அடுத்த நாள் ஷேர் ஆட்டோவில் போனோம். ஐந்து பேருக்கான வண்டியில் பத்துப் பேர். என் பெட்டி, முன்பின் அறியாத ஒரு பூக்காரம்மாவின் மடியில். கடலோரச் சாலையில் அலை தள்ளிய மணலில் சக்கரம் புதைந்தது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். பூக்காரம்மா மட்டும் இறங்கவில்லை.

"இதுல இன்னா கீது, இம்மாங் கனம்?" என்று கேட்டார்.

"கூலிப்படை."

"யாரோட சண்டை?"

"அடையாறு பக்கம் ஒரு கிளப்போடு."

"நல்லா சாத்துங்க" என்று சொல்லிவிட்டு வெற்றிலை மடிக்கத் தொடங்கினார்.

எண்ணூரில் பவானி கழிமுகத் தண்ணீரில் இடுப்பளவு நின்று இறால் தடவிக்கொண்டிருந்தார். தண்ணீர் சாம்பல் நிறம். ஒரு பக்கம் அனல் மின் நிலையப் புகைபோக்கிகள், இன்னொரு பக்கம் தடித்த குழாய்கள், நடுவில் இவர்களுடைய குப்பம். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள எங்கள் பிறை நகரிலும் மின் நிலையமும் மீனவர்களும் பக்கத்துப் பக்கத்தில் உண்டு. ஆனால் அங்கே நான் பாலத்தில் காரில் போகிறவன், தண்ணீருக்குள் இறங்கிப் பார்த்தவன் அல்ல. இங்கே கரையில் நின்றதிலேயே செருப்பெல்லாம் சாம்பல்.

பவானி கரையேறிக் கையைத் துடைத்துக்கொண்டு பெட்டிமுன் குந்தினார். ராயபுரத்துச் சேனையில் அத்தனை முகங்களும் அவர் வரைந்தவை. தென்னை ஈர்க்கின் நுனியால், படகுக்கு அடிக்கும் பெயிண்டில். குள்ளத் துப்பாக்கிக்காரர்களை நெடுநேரம் பார்த்தார். "இவனுங்க வேணாங்கா" என்று கஸ்தூரியிடம் சொன்னார். இம்முறை நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஈட்டிக்காரர்களில் ஒருவனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"சார், இவனுங்களுக்கு ஏன் கண்ணு வெக்கல?"

தலைக்கவசத்தின் நிழலில் கண் எப்படியும் தெரியாது, அதனால் விட்டுவிட்டேன் என்றேன்.

"அவனுக்குத் தெரியணுமே" என்றார்.

இருபது பேருக்கும் அன்று மாலைக்குள் கண் வைத்தார். நாங்கள் அவர் வீட்டு வாசலில் இறால் தொக்கும் சூடான சோறும் சாப்பிட்டுக்கொண்டு காத்திருந்தோம்.

ஆக மிஞ்சியது ஈட்டிக்காரர்கள். என் பெட்டியில் இருப்பதிலேயே சாதாரணப் படை. நின்ற இடத்தில் நிற்கத் தெரியும், முன்னேறி எதையும் பிடிக்கத் தெரியாது. எண்ணிக்கைக்காகக் கொண்டுவந்திருந்தேன். அவர்களை யாருக்கும் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். தவறான தேர்வு என்று கஸ்தூரியிடம் நேராகவே சொன்னேன். தெரியும் என்றார்.

ஆட்டம் திருவொற்றியூரில், டில்லியின் உறவினருடைய வலைக் கிடங்கில். பழைய கதவுப் பலகைகளை டிரம்கள்மேல் போட்டு மேசை. கடல்மணலும் கரித்தூளும் ஒட்டிச் செய்த நிலம். நடுவில் ஐஸ் பெட்டியின் தெர்மக்கோலை அறுத்துக் கட்டிய கோட்டை. ஒரு பக்கம் ஈயச் சேனை. அருகில் போய்ப் பார்த்தேன். ஒரு முகம்போல் இன்னொன்று இல்லை. குதிரைப்படை மட்டும் இல்லை. ஈயத்தில் வார்த்த குதிரையின் கால்கள் வீரனை ஏற்றினால் மடங்கிவிடுகின்றனவாம்.

நடுவராகப் பெரம்பூரிலிருந்து ஒரு ரயில்வே ஊழியர் வந்திருந்தார். தெற்குக் கிளப் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் கஸ்தூரியின் கைப்பேசி அடித்தது. அந்தக் கிளப்பின் தலைவர் அரவிந்த். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்கு நடுவில் கார் மாட்டிக்கொண்டது. முன்னும் பின்னும் லாரி. இரண்டு நாளாக அசையாமல் நிற்கும் லாரிகளும் அதில் உண்டு. ஓட்டுநர்கள் வண்டிக்கு அடியிலேயே சோறு பொங்குகிறார்கள். அங்குள்ளவர்களுக்கு இது மழை வெயில் மாதிரி. அடையாற்றிலிருந்து வருகிறவருக்கு எப்படித் தெரியும்?

நடுவர் விதிப் புத்தகத்தைத் திறந்தார். குறித்த நேரத்துக்குமேல் ஒரு மணி நேரம் பொறுக்கலாம். அதற்குள்ளும் வராத அணி தோற்றதாகக் கொள்ளப்படும். சந்தேகத்துக்கு இடமில்லாத வாசகம். நானும் படித்துப் பார்த்தேன்.

கஜா கையைத் தட்டினார். "முட்ஞ்சிது மாமு. வாக்ஓவர். ஈயம் செல்லும்."

"உட்காரு" என்றார் கஸ்தூரி.

"இன்னாக்கா? இதுக்குத்தானே இத்தினி நாளு அலையறோம். நாம இன்னா லாரிய நிக்கவெச்சமா? அதுவா நிக்குது."

"லாரி ஜெயிச்சிக் குடுத்துச்சுன்னு சொல்லிகினு திரிவியா நீ?"

"திரிவேன். இன்னா இப்ப?"

கஸ்தூரி என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். உங்க படையும் நிக்குது."

விதி விதிதான், எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன். இப்போதும் அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன்.

கஸ்தூரி மேசையில் கையூன்றினார். "நம்ம ரோடு மோசம்னு எழுதுவாங்க. வந்து பாத்தோம், போய்ச் சேரவே முடியலன்னு எழுதுவாங்க. பொம்ம எப்படி ஆடுச்சுன்னு ஒருத்தனும் எழுத மாட்டான். எனக்கு அது வேணாம். டில்லி, ரெண்டு வண்டி எடு. குப்பத்துச் சந்து வழியாப் போயி அவங்கள இட்டுகினு வா."

கஜா ஏதோ முனகிவிட்டு இரண்டாவது மோட்டார் சைக்கிளின் சாவியை எடுத்தார். டில்லிக்கு முன்பாகக் கிளம்பியவரும் அவர்தான்.

அரை மணி நேரத்தில் அரவிந்தும் அவருடைய ஆட்டக்காரர்கள் இருவரும் பொம்மைப் பெட்டிகளை மடியில் அணைத்தபடி வந்து இறங்கினார்கள். அரவிந்த் கம்ப்யூட்டர் நிறுவனத்தில் வேலை செய்கிறவர், மரியாதையான மனிதர். சட்டை முழுக்க மீன் செதில். "டைம் முடிஞ்சிருக்கும்னு நினைச்சேன்" என்றார். நடுவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் இருக்கிறது என்றார். பவானி எல்லாருக்கும் சுண்டல் எடுத்துவந்து கொடுத்தார். வந்தவர்கள் தின்று முடிக்கும்வரை ஒருவரும் பகடையைத் தொடவில்லை.

ஆட்டத்தை விரிவாகச் சொல்லப்போவதில்லை. அரவிந்தின் சேனையில் கவசக் குதிரைகள்; வெளிநாட்டில் வாங்கியவை, வேலைப்பாடு பிரமாதம். தொடக்கத்திலேயே அவை கோட்டைக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டன. மிச்சக் குதிரைகள் வெளியே வந்து தாக்கின. ராயபுரத்து ஆட்கள் பக்கவாட்டில் சரிந்தார்கள். நடுவில் நின்ற என் ஈட்டிக்காரர்கள் மீது குதிரைகள் நான்கு முறை பாய்ந்தன. நான்கு முறையும் திரும்பிப் போயின. பினாங்கில் அவர்கள் இப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. இரண்டு பகடையிலும் ஆறு விழுந்தபோது கிடங்கின் வாசலில் நின்ற மீன்காரப் பெண்கள் கைதட்டினார்கள். எதற்கென்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

ஆனால் கோட்டைக் கதவு உடையவில்லை. கஸ்தூரி தன் கடைசி ஆள்வரை அனுப்பிப் பார்த்தார். உடைக்க ஆளில்லை. என் பூதங்கள் ஆறும் பெட்டிக்குள் பஞ்சில் படுத்திருந்தன. கடைசிச் சுற்று முடிந்தபோது கோட்டைக்குள் அரவிந்தின் கொடி இருந்தது.

நடுவர் எழுந்து முடிவைச் சொன்னார். ராயபுரம் தோற்றது. ஈயம் செல்லாது.

நான் கஜாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல், ஒரு முறைப்பு, ஒரு பெருமூச்சு ஏதாவது அவர்மீது விழும் என்று எதிர்பார்த்தேன். டில்லி அவருக்கு டீ ஊற்றினார். பவானி விழுந்த வீரர்களைப் பொறுக்கித் துணியில் சுற்றினார். பூதங்களைப் பற்றி ஒருவரும் வாய்திறக்கவில்லை. என் அலுவலகமாக இருந்திருந்தால் இந்நேரம் விசாரணைக் கூட்டம் போட்டிருப்போம்.

மாலையில் அரவிந்தின் காரையும் ஓட்டுநர் ஒருவழியாகக் கொண்டுவந்து சேர்த்தார். அவர் தன் குதிரைகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டே பேசினார். சொல்லக் கஷ்டப்பட்டார் என்பது தெரிந்தது.

"மேடம், நீங்க ஆடினது... உண்மையிலேயே நல்ல ஆட்டம். ஆனா விதி அடுத்த மாசத்துலருந்து வந்துடும். கமிட்டி முடிவு."

"வரட்டும். அது உங்க ஹால்ல" என்றார் கஸ்தூரி. "நாங்க அங்க வரப்போறதில்ல. இங்க மேசை கீது. ஈயம், பிளாஸ்டிக், களிமண்ணு, எது வேணா கொண்டாரலாம். கடையில வாங்கினதுகூடச் செல்லும்."

அரவிந்த் சிரித்தார். கஸ்தூரி சிரிக்கவில்லை.

"அடுத்த மாசம் மீஞ்சூர் பசங்களோட ஆட்டம். எங்ககிட்ட குதிர இல்ல. கூலிப்படைக்கு ஆளு தேடிகினுகீறோம். உங்க குதிரைய இட்டுகினு வரீங்களா?"

"நாங்களா?"

"நீங்கதான். எங்க ஆளுங்க மூணு பேரையும் கேட்டுட்டேன்."

அரவிந்த் கடைசிக் குதிரையைப் பெட்டியில் படுக்கவைத்தார். "கமிட்டி ஒத்துக்காது, மேடம். வார்த்த பொம்மைங்களோட சேர்ந்து ஆடறதுன்னா..."

"நான் கமிட்டியக் கூப்புடல. உங்களக் கூப்புடறேன்."

அவர் அட்டைப்பெட்டியை மூடி மேசைமேல் வைத்தார். எல்லோருக்கும் கைகொடுத்தார், எனக்கும் கொடுத்தார். தோழர்கள் இருவரும் ஏறிக்கொண்டார்கள். கார் லாரிகளைத் தாண்டித் தெற்கே திரும்பிய பிறகுதான் கஜா மேசையைப் பார்த்தார். குதிரைகள் இருந்த அட்டைப்பெட்டி அங்கேயே இருந்தது.

"ஐயோ, மறந்துட்டுப் போறாரு" என்று வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடப் பார்த்தார்.

கஸ்தூரி அவருடைய சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினார்.